நாயைத் தோப்பில் விட்டுப் போகலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் இரண்டு வயது சிப்பிப்பாறை நாயை இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். இப்போது அவர் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பில், மாதக் கட்டணத்துக்குப் பகலில் நாய்களைப் பார்த்துக்கொள்கிறார்களாம். நம்பி விடலாமா? எப்படிப் பழக்குவது?

பதில்: ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். காலையில் வேண்டாம், அப்போது எந்த இடமும் கழுவிவிட்டுப் பளிச்சென்றுதான் இருக்கும். மதியம் ஒன்றரை மணிக்குப் போங்கள். நாய்களோடு ஆள் இருக்கிறாரா, கேட்டைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அப்புறம் வேலி. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். கண்ணெதிரே ஏதாவது ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. இடுப்பளவுக் கம்பிவேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆளுயரத்துக்கு மேல் வலை வேண்டும். தாண்டிப் போய்ப் பக்கத்துப் பட்டியில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கடித்துவிட்டால் பணம் யார் கொடுப்பது? கூச்சப்படாமல் இப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் பஞ்சாயத்துதான்.

தோப்பைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா, எலி மருந்தும் பூச்சிமருந்து டப்பாவும் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். மரத்தடியில் நிழல் என்று கட்டிப்போடுகிறார்கள் என்றால், தலைக்கு மேலே காய் தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், தென்னந்தோப்பில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காத இடத்தில் நாயை விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். நாய்களுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறிநோய் ஊசி அரசு கால்நடை மருந்தகத்திலேயே போடுகிறார்கள். கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில்தான் அந்த நோய் பரவுகிறது. உண்ணி மருந்தும் தவறக் கூடாது.

பழக்குவதற்கு ஒரு வாரம் லீவு போட முடிந்தால் நல்லது. முதல் நாள் அரை மணி நேரம், நீங்களும் கூடவே இருங்கள். அடுத்து இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள். உங்கள் வாசம் உள்ள பழைய சேலைத் துண்டும், வீட்டில் போடும் அதே சோறும் கூடப் போகட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் செல் நம்பர் இருக்கட்டும். விட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கொஞ்சாதீர்கள்.

சிப்பிப்பாறைகளில் சில ஒரே கைக்குப் பழகியவை. இரண்டு வாரம் கழித்தும் சோறு தின்னாமல், வண்டியைக் கண்டாலே பின்வாங்கினால் வற்புறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏதாவது கொடுத்து, மதியம் வந்து அவிழ்த்துவிட்டுச் சோறு வைக்கச் சொல்லுங்கள். கிராமத்தில் இருப்பதில் இந்த வசதி ஒன்று உண்டு.

கேள்வி: ‘நாய்க்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: அந்த வரியை அடித்துவிடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும், காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் புகார் செய்யலாம். கவனக்குறைவால் நாய்க்கு ஆபத்து வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கையில் ரசீது வேண்டும். பணத்தைக் கூகுள் பே மூலம் அனுப்புங்கள், விடுகிற அன்று காலையில் நாயை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.