18 நாளில் ஆஸ்திரேலியா: எதை விடுவது?

கேள்வி: பிப்ரவரி கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். மார்ச்சில் 18 நாள் தேனிலவாக ஆஸ்திரேலியா போகிறோம். சிட்னி, கெய்ன்ஸ், உளுரு, மெல்போர்ன், பெர்த் என எல்லாவற்றையும் ஒரே வாடகைக் காரில் சுற்ற ஆசை. ஊர் பார்க்க மொத்தம் 11 நாள் ஒதுக்கிவிட்டோம். மீதி நாளில் ஓட்டிவிடலாமா? இருவருக்கும் கார் ஓட்டத் தெரியும். (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முடியாது. முதலில் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். சிட்னியிலிருந்து கெய்ன்ஸ் சுமார் 2,400 கிலோமீட்டர். அங்கிருந்து மவுன்ட் ஐசா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியாக உளுரு சுமார் 2,900. உளுருவிலிருந்து அடிலெய்ட் வழியாக மெல்போர்ன் 2,300. மறுபடி அடிலெய்டுக்கே திரும்பி பெர்த் போக 3,400. மொத்தம் 11,000. ஊர் பார்க்க 11 நாள் போனால் மிச்சம் 7 நாள். அதாவது நாளொன்றுக்கு 1,570 கிலோமீட்டர். அங்கே பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மணிக்கு 110-க்கு மேல் போகக் கூடாது. சாப்பாடு, பெட்ரோல், ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர்தான் நிம்மதியான அளவு.

மார்ச் மாதம் இன்னொரு காரணம். கெய்ன்ஸ் பக்கம் அப்போது மழைக்காலம், புயல் காலமும்கூட. நவம்பரிலிருந்து மே வரை அந்தக் கடலில் விஷ ஜெல்லிமீன்கள் இருப்பதால் உடம்பு முழுக்க மூடும் உடை இல்லாமல் இறங்குவது ஆபத்து. உளுருவில் வெயில் இன்னும் தணிந்திருக்காது. பக்கத்திலுள்ள கட்டா ஜூட்டா பாறைக்குன்றுகளில், வெப்பம் 36 டிகிரியை எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தாலே நீண்ட நடைபாதையைக் காலை 11 மணிக்கு மூடிவிடுவார்கள். உளுரு பாறையில் ஏறுவது 2019 அக்டோபரோடு முற்றிலும் நின்றுபோனது. கெய்ன்ஸ், உளுரு இரண்டையும் இன்னொரு வருடத்து ஜூன், ஜூலைக்கு எடுத்து வையுங்கள். மெல்போர்னையும் விடுங்கள். அதைச் சேர்த்தால் ஓட்டும் நாள் கூடும், தங்கும் நாள் குறையும்.

அதே சமயம், கண்டத்தின் குறுக்கே காரில் போக வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை. அதை விடச் சொல்லமாட்டேன். அதற்கு மார்ச் நல்ல மாதம். பள்ளிக் கோடை விடுமுறை முடிந்திருக்கும், தெற்குக் கரையில் வெயிலும் இறங்கத் தொடங்கியிருக்கும். ஒரே கோட்டில், கிழக்கிலிருந்து மேற்காகப் போங்கள். சிட்னியில் இறங்கி பெர்த்தில் கிளம்புவது போல டிக்கெட் எடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகவே இரண்டையும் முடித்துவிடலாம், திரும்பி சிட்னிக்கு வரும் செலவும் இல்லை.

சிட்னியில் 3 இரவு, கார் வேண்டாம். அங்கிருந்து அடிலெய்டுக்கு விமானம், சுமார் 2 மணி நேரம். அடிலெய்டில் 2 இரவு தங்கிவிட்டு அங்கே காரை எடுங்கள். மார்ச் இரண்டாவது திங்கள் அந்த மாநிலத்தில் விடுமுறை, அந்த வார இறுதியில் அறைவாடகை ஏறும். பிறகு போர்ட் அகஸ்டா (310 கி.மீ.), செடூனா (470), யூக்ளா (490), பல்லடோனியா (520) என ஒவ்வோர் இரவு. அடுத்து நார்ஸ்மனில் தெற்கே திரும்பி எஸ்பரன்ஸ் (390), அங்கே 3 இரவு. ஆல்பனி (480), 2 இரவு. பெர்த் (420), 2 இரவு. விமானத்தில் கழியும் ஓர் இரவையும் சேர்த்தால் 18 நாள் சரியாக முடிகிறது. ஓட்டுவது 7 நாள், சுமார் 3,100 கிலோமீட்டர்.

எஸ்பரன்ஸில் 3 இரவு ஏன் என்று கேட்பீர்கள். கல்யாண அலைச்சல், விமான அலைச்சல், அதன்மேல் நான்கைந்து நாள் ஓட்டம். உடம்பு சரியாக அங்கேதான் அசதியைக் காட்டும். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கேப் லெ கிராண்ட் தேசியப் பூங்கா. அதிலுள்ள லக்கி பே கடற்கரையில் மணல் மாவு போல வெள்ளை. கங்காரு கரைக்கே வந்து படுத்திருக்கும். அதற்குத் தீனி போடக் கூடாது. ஒரு நாள் எங்கும் போகாமல் இருங்கள். தேனிலவுத் திட்டம் போடுகிறவர்கள் பலரும் அந்த ஒரு நாளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இனி செடூனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் இடையிலான 1,200 கிலோமீட்டர். நல்லர்பார் சமவெளியை ஒட்டிய ஏர் ஹைவே இது. ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. பெட்ரோல், சாப்பாடு, சில அறைகள் சேர்ந்த ரோடுஹவுஸ்கள் மட்டும்தான். அவற்றுக்கிடையே அதிகபட்ச இடைவெளி சுமார் 200 கிலோமீட்டர். எனவே சாதாரணக் கார் போதும், பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள். விலை நகரத்தைவிடக் கூடுதல்தான், அதற்காக அடுத்த பங்க் பார்க்கலாம் என்று தாண்டிப் போகாதீர்கள். கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடும். ஆபத்து அங்கே தூக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்தி, ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

பல பெட்டிகளைக் கோத்து இழுத்தபடி அங்கே ஓடும் ரோடு டிரெயின் லாரிகள் 36 மீட்டருக்கு மேல் நீளம். நம் ஊர் லாரியை முந்துகிற பழக்கத்தில் அதை முந்தப் பார்ப்பது உயிருக்கு உலை. லாரி 100-ல் போகிறது, நீங்கள் 110. வித்தியாசம் நொடிக்கு 3 மீட்டருக்கும் குறைவு. பின்னால் 50 மீட்டர், முன்னால் 50 மீட்டர் இடம் விட்டால் முந்தி முடிக்க ஏறக்குறைய 50 நொடி ஆகும். அதற்குள் உங்கள் கார் ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருக்கும், எதிரே வருகிற வண்டியும் ஒன்றரைக் கிலோமீட்டர் வந்திருக்கும். மூன்று கிலோமீட்டர் காலியாகத் தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள், முந்துவதற்கான தனித்தடம் வரும்.

இருட்டில் ஓட்டவே கூடாது. அந்தியிலும் விடியலிலும்தான் கங்காரு சாலைக்கு வரும். வெளிச்சத்தைப் பார்த்ததும் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. எதிரே வந்துவிட்டால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். கார் உருள்வது அப்படித்தான். இங்கே கடிகாரமும் ஏமாற்றும். மார்ச்சில் அடிலெய்ட் நேரத்தைவிட யூக்ளா ஒன்றே முக்கால் மணி பின்தங்கியது, கைகூனா தாண்டினால் இன்னும் முக்கால் மணி குறையும். கைபேசி பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று நம்பாமல் உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள். யூக்ளாவில் வெளிச்சம் மிச்சமிருந்தால், 1877-ல் திறந்த பழைய தந்தி நிலையம் மணல்மேட்டில் பாதி புதைந்து நிற்பதைப் போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயம். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையான பார்டர் வில்லேஜில் காரைத் திறந்து சோதிப்பார்கள். பழம், காய்கறி, தேன் எதுவும் தாண்டாது. செடூனாவில் வாங்கிய ஆப்பிளை அதற்குள் தின்று முடியுங்கள். சைவம் என்றால் ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பிஸ்கட், கொதிநீர் ஊற்றினால் தயாராகும் பாக்கெட்டுகள் கைவசம் இருக்கட்டும், ரோடுஹவுஸில் உருளை வறுவலைத் தவிர பெரிதாகக் கிடைக்காது. தலைக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் காரில் இருக்க வேண்டும். பெரும்பகுதி தூரம் சிக்னல் இராது. சிட்னியிலேயே டெல்ஸ்ட்ரா சிம் வாங்குங்கள். கார் நின்றுபோனால் காரை விட்டு நடக்காதீர்கள்.

சிட்னி விமான நிலையத்திலும் இதே கெடுபிடிதான். அம்மா கட்டிக்கொடுக்கும் பால்கோவா, மைசூர்பாகு, கறிவேப்பிலை எதையும் கொண்டுபோக முடியாது. முறுக்கு, பொடி இருந்தால் பயணிகள் வருகை அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள், மறைத்தால் அபராதம்.

கார் வாடகை ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்குக் கட்டணம் எவ்வளவு? தொலைதூரப் பகுதிக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டா? மாலைக்கு மேல் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லுமா? விலங்கு மோதினால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும்? முன்பணத்தைப் பிடித்துவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். இருவர் பெயரும் ஓட்டுநராகப் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது நடக்கும் விபத்துக்குக் காப்பீடு இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, நம் ஊர் உரிமத்தோடு சேர்த்து வைத்திருங்கள். காரை எடுக்கும்போது ஸ்டெப்னி முழு அளவுச் சக்கரமா, காற்று இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.

ஓட்டவே வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் இந்தியன் பசிபிக் ரயில் இருக்கிறது. சிட்னியிலிருந்து பெர்த் 4,352 கிலோமீட்டர், மூன்று இரவு, வாரம் ஒருமுறை. நல்லர்பாரில் 478 கிலோமீட்டர் தண்டவாளம் நேர்கோடு. ஆனால் கோல்ட் வகுப்பின் இருவர் அறையில் படுக்கை மேலும் கீழுமாக இருக்கும். இரட்டைக் கட்டில் வேண்டுமானால் பிளாட்டினம், அதன் விலை மிகவும் கூடுதல்.

கடைசியாக, முன்பதிவு வரிசை. யூக்ளாவிலும் பல்லடோனியாவிலும் அறைகள் கொஞ்சம்தான், அவற்றை முதலில் பிடியுங்கள், ரத்து செய்ய வசதியுள்ள அறையாகப் பார்த்து. அடுத்து விசா, அதன்பின் விமானம், பிறகு கார். கல்யாணமானதும் மணமகள் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போடும் வேலையைப் பயணம் முடிந்து வந்து வைத்துக்கொள்ளுங்கள். விசா, டிக்கெட், ஓட்டுநர் அனுமதி மூன்றிலும் இப்போதுள்ள பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்து இருக்கட்டும்.