லா பாஸில் நான்கு நாள்: எந்த மூச்சுத் திணறலுக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: மகன் சிலியில் சான்டியாகோ நகரத்தில் வேலை பார்க்கிறான். மே மாதம் நானும் கணவரும் அவனிடம் போகிறோம். அங்கிருந்து மூவருமாக பொலிவியாவின் லா பாஸுக்கு நான்கு நாள் போய்வரத் திட்டம். கணவருக்கு 61 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தது. உயரமான ஊர்களில் நுரையீரலில் நீர் கோத்து, தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. டயமாக்ஸ், டெக்ஸாமெத்தசோன், ஆக்சிஜன் கேன், கற்பூரம், ஹோமியோபதி கோக்கா எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமா? எனக்கு 56 வயது, தொந்தரவு எதுவும் இல்லை. மகனுக்கு 29, ஜிம்முக்குப் போகிறவன். இரண்டாம் நாளே சகால்தாயா மலைக்குப் போகலாம் என்கிறான். நாங்கள் போகலாமா?

வாசகி, மதுரை

பதில்: போகலாம். ஆனால் இந்த நான்கு நாள் திட்டத்தோடு போக வேண்டாம்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயத்தை முதலில் பார்ப்போம். லா பாஸில் முதல் இரவு நீங்கள் கணவரையே பார்த்துக்கொண்டு விழித்திருப்பீர்கள் என்று தெரிகிறது. அப்போது ஒன்றைக் காண்பீர்கள். அவர் மூச்சு கொஞ்ச நேரம் வேகமாக வரும், அப்புறம் மெல்ல மெல்லச் சிறுத்து நின்றே போகும். ஐந்து விநாடி, சில சமயம் பத்து விநாடிக்கு மேலும் அசைவே இருக்காது. பிறகு ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். பார்க்கிறவருக்கு உயிரே போய்விடும். தூங்குகிறவருக்கு ஒன்றும் ஆகாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உடல் வேகமாக மூச்சு விடுகிறது, அதில் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறிவிடுகிறது. மூச்சு விடு என்று மூளையைத் தூண்டுவதே அந்த வாயுதான். அது குறைந்ததும் மூளை கொஞ்சம் ஓய்வெடுக்கிறது, சேர்ந்ததும் மீண்டும் தொடங்குகிறது. திடகாத்திரமானவர்களுக்கும் இது வரும். அதற்காக அவரை எழுப்பி உட்கார வைக்க வேண்டாம். ஏற்கெனவே குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று சிகிச்சையில் இருப்பவராக இருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது விழித்திருக்கும் நேரத்து மூச்சை. லா பாஸ் சுமார் 3,640 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாடிப்படி ஏறினால், மேட்டுத் தெருவில் நடந்தால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், நின்றால் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் சும்மா நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஒருவர் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடியவில்லை என்றால், அதுதான் அபாயம். நுரையீரலில் நீர் கோப்பது என்று நீங்கள் கேள்விப்பட்ட நோய் அப்படித்தான் தொடங்கும்.

அது தூக்கத்தில் திடீரென்று வந்து ஆளை அடிப்பதில்லை, முன்பே சொல்லிவிட்டுத்தான் வரும். பெரும்பாலும் மேலே போன இரண்டாவது இரவிலிருந்து நான்காவது இரவுக்குள் வரும். நேற்று சாதாரணமாக நடந்தவர் இன்று எல்லோருக்கும் பின்னால் தங்குவார். வறட்டு இருமல் இருக்கும், நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்பார். அப்புறம் ஷூ கயிறு கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும், படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார். இருமலில் நுரையும் ரத்தச் சாயலும் வரும்வரை காத்திருந்தால் மிகவும் தாமதம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த இருமலைப் பார்த்ததும் நம் மக்கள் "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடித்துவிட்டது" என்று கைப்பையில் இருக்கும் அசித்ரோமைசினை எடுத்துப் போடுவார்கள். தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் போடுவார்கள். அது மூச்சையே மந்தமாக்கும். இப்படி ஒரு ராத்திரி வீணாகும், அந்த ஒரு ராத்திரிதான் உயிருக்கு விலை. மருத்துவர்களே இதை நிமோனியா என்று வெகுகாலம் தவறாக நினைத்தார்கள். 1960-இல்தான் இது தனி நோய் என்று மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. 1962 போரின்போது அவசரமாக லடாக்குக்கு ஏற்றப்பட்ட நம் வீரர்களிடம் கண்டதை வைத்து இந்திய ராணுவ மருத்துவர்கள் எழுதிய ஆய்வுகளை உலகமே இன்றும் மேற்கோள் காட்டுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களை, இதயம் நன்றாக இருந்தவர்களை, இந்த நோய் தாக்கியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

ஏனென்றால் இது இதயம் பழுதாகி வரும் நீர் அல்ல. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில இடங்களில் அழுத்தம் ஏறி, அங்கிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. ஸ்டென்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவசரமாக மேலே போவதும், போன உடனே உடலைப் போட்டு வருத்துவதும்தான் இதை வரவழைக்கும். ஆகவே, அம்மா, நீங்கள் கணவரை நினைத்துப் பயப்படுகிறீர்கள், எனக்கு உங்கள் மகனை நினைத்துத்தான் கவலை. சான்டியாகோ அறுநூறு மீட்டர்கூட இல்லாத ஊர். அங்கிருந்து விமானத்தில் சுமார் 4,060 மீட்டர் உயர எல் ஆல்டோ நிலையத்தில் இறங்கி, இரண்டாம் நாள் 5,421 மீட்டர் சகால்தாயா. ஜிம்மில் வளர்த்த உடம்பு இதற்குக் காப்பு இல்லை. தலை வலித்தாலும் கூட வந்தவர்களிடம் சொல்லாமல் நடப்பது இந்த வயதுக்காரர்கள்தான். அந்த மலையை இந்தப் பயணத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே பனிச்சறுக்கு நடந்த பனியாறு 2009-க்குள் முழுதாக உருகியும் போய்விட்டது.

லா பாஸில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மலை நோய் என்றால் "கீழே இறங்கு" என்பதுதான் எங்கும் சொல்லும் வைத்தியம். இந்த நகரமோ ஒரு கிண்ணம் மாதிரி பள்ளத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போக 400 மீட்டர் மேலே ஏற வேண்டும். யுங்காஸ் பள்ளத்தாக்கின் வெப்பமான ஊர்களுக்குச் சாலையில் போகலாம் என்றால், முதலில் சுமார் 4,650 மீட்டர் கணவாயைத் தாண்ட வேண்டும். மூச்சுத் திணறும் ஒருவரை ஆக்சிஜன் இல்லாமல் டாக்ஸியில் ஏற்றி அந்த வழியில் அனுப்புவது பெரிய தவறு. முதலில் நகரத்துக்குள் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். ஆக்சிஜனும் ஓய்வும் கிடைத்தால் பலர் அங்கேயே தேறிவிடுவார்கள். நோயாளியைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தால் ஆக்சிஜனோடு எப்படிக் கொண்டுபோவது என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் தெரிந்தாலும் இதே அவசரம்தான், அது மூளை வீங்குவதன் அடையாளம்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். உடல் உயரத்துக்குப் பழகவே மூன்று நான்கு நாள் வேண்டும். உங்கள் பயணமே நான்கு நாள். அதாவது ஆபத்தான இரவுகளை மட்டும் அங்கே கழித்துவிட்டு, உடல் பழகும் நேரத்தில் திரும்புகிறீர்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொண்டு முதலில் சுக்ரேவுக்குப் போங்கள். அரசாங்கம் நடப்பது லா பாஸில் என்றாலும் பொலிவிய அரசியல் சட்டம் தலைநகர் என்று சொல்வது சுக்ரேயைத்தான். சுமார் 2,800 மீட்டர். வெள்ளைச் சுவர்களும் பழைய தேவாலயங்களுமாக, மெதுவாக நடந்து பார்க்க ஏற்ற ஊர். அங்கே இரண்டு மூன்று இரவு தங்கி, பிறகு லா பாஸ். அங்கும் மையத்தில் தங்காமல் தெற்குப் பகுதியில், கலகோத்தோ பக்கம், அறை எடுத்தால் முன்னூறு மீட்டர் குறையும். தூங்கும் உயரம்தான் கணக்கு. பகலில் கேபிள் காரில் எல் ஆல்டோ வரை போய் நகரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதில் தப்பே இல்லை. முதல் இரண்டு நாள் மது வேண்டாம், இரவுச் சாப்பாடு குறைவாக இருக்கட்டும். லேசான தலைவலிக்கு பாரசிட்டமால் போடலாம். தலைவலி இருக்கும்வரை இன்னும் மேலே போகாதீர்கள்.

நாட்களைக் கூட்டவே முடியாது, நேராக லா பாஸ்தான் என்றால், உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவாக்கும் டயமாக்ஸ் மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, போன பின் இரண்டு நாள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா ருசி மாறும். ஆனால் உங்கள் கணவருக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. அவருடைய பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' என்றோ 'சிடி' என்றோ இருந்தால் அதில் ஏற்கெனவே நீர் பிரிக்கும் மருந்து இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்றும் பார்க்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது அறிகுறிகளை மறைக்கும், உடலைப் பழக்காது. கற்பூரத்தாலும் ஹோமியோபதி கோக்காவாலும் ஒரு பயனும் இல்லை. ஆக்சிஜன் கேனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ஏற்றினாலும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓட்டலில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள், ஒரு கோப்பை குடிக்கலாம். ஆனால் பாக்கெட் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

கணவரின் இதயம்: ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம், நடக்கும்போது நெஞ்சு வலி இல்லை, இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறார் என்றால் தடையில்லை. போகும் முன் இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஆஸ்பிரினையும் பிரஷர் மாத்திரையையும் ஒரு வேளைகூட விட வேண்டாம். நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் அதை உயரத்தின் மேல் பழி போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆக்சிமீட்டர் இருந்தால் அதில் 88 என்று கண்டதும் அலற வேண்டாம். மதுரையில் அந்த எண்ணைக் கண்டால் நானே ஆம்புலன்ஸ் அழைப்பேன், லா பாஸில் புதிதாக வந்தவருக்கு அது சாதாரணம். குளிர்ந்த விரலில் இன்னும் குறைவாகக் காட்டும். மற்ற இருவரையும்விட ஒருவருக்கு மட்டும் மிகவும் குறைந்து, கூடவே மூச்சும் வாங்கினால் மட்டும் அந்த எண்ணைப் பொருட்படுத்துங்கள்.

மஞ்சள் காய்ச்சல் கொசு லா பாஸ் உயரத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் பொலிவியா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம். பிரேசிலும் பட்டியலில் உள்ளதால் திரும்பும் வழியையும் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டி முதல்முறை இந்த ஊசி போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். அதனால் பொலிவியாவை முதலில் முடித்துவிட்டு மீதி நாட்களைச் சிலியில் கழித்துத் திரும்புவது உங்கள் கணவருக்கு நல்லது. ஊசி தேவையா என்பதை, விசா நிபந்தனையையும் சேர்த்து, சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். போடுவதானால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், அதன் பிறகுதான் சான்று செல்லும்.

கடைசியாக, ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். "லே ஃபால்தா எல் ஐரே." அவருக்கு மூச்சு போதவில்லை என்று ஸ்பானிஷில் அர்த்தம். நடு ராத்திரியில் மகன் அந்த நிலையில் இருந்தால் ஓட்டல் வரவேற்பில் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.