டாப்ளரில் 'ரத்த ஓட்டம் குறைவு': நிறையச் சாப்பிட்டால் குழந்தை எடை ஏறுமா?

கேள்வி: எனக்கு 30-வது வாரம். குழந்தையின் எடை 10-வது பெர்சென்டைலுக்குக் கீழே (அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரில் எடை குறைந்த பத்துக்குள்), தொப்புள்கொடியில் ரத்த ஓட்டமும் குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் மாமியார். புரோட்டீன் பவுடர், முழு ஓய்வு என்று இருந்தால் சரியாகுமா?

பதில்: முதலில் உங்கள் சாப்பாட்டின் மேல் விழுந்த பழியை இறக்கி வைப்போம். எடை மட்டும் குறைந்து ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால், குழந்தையே சின்ன உடல்வாகாக இருக்கலாம். உங்களுக்கு டாப்ளரும் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) மாறியிருப்பதால் சந்தேகம் நஞ்சுக்கொடியின் (பிளசென்டா) மேல்தான் போகிறது.

கர்ப்பப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்ன ரத்தக்குழாய்கள் உண்டு. கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரில் இருக்கும் தசையை அழித்து, சுருங்கவே முடியாத அகலமான குழாய்களாக மாற்றிவிடும். பிரசவம் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போக முடிவது இதனால்தான். இந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால் குழாய் குறுகலாகவே இருந்துவிடும், குழந்தைப் பக்கத்து ரத்தக்குழாய்க் கிளைகளும் சரியாகப் பரவாது. பைப் அடைத்திருக்கும்போது தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்து என்ன பயன்? வழக்கமான சத்தான சாப்பாடு போதும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் எடை ஏறுவதில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று நம்பிய சில்டெனாஃபில் மாத்திரையை நெதர்லாந்தில் சோதித்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் பிரச்சினையும் மரணமும் தெரியவர, 2018-ல் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். அதனால் யாராவது 'ரத்த ஓட்ட மாத்திரை' என்று சொன்னால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

டாக்டரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: இரண்டு இதயத்துடிப்புக்கு நடுவே தொப்புள்கொடியில் ரத்தம் குறைவாக ஓடுகிறதா, நின்றே போகிறதா, பின்னோக்கித் திரும்புகிறதா? மூன்றுக்கும் ரொம்ப வித்தியாசம். குறைவுதான் என்றால், நெருக்கமான கண்காணிப்பில் பலர் 37 வாரம் வரைகூடப் போகிறார்கள். நின்றாலோ திரும்பினாலோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும், குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சீக்கிரமே வெளியே எடுக்க வேண்டியும் வரலாம், அதனால் பச்சிளங்குழந்தை ஐசியு உள்ள இடமாக இப்போதே பார்த்து வையுங்கள். டாப்ளரை அடிக்கடி பார்ப்பார்கள். எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும், அதற்குள் அளந்தால் ஸ்கேனின் பிழைக்கும் வளர்ச்சிக்கும் வித்தியாசம் தெரியாது.

இதே நஞ்சுக்கொடிக் கோளாறு உங்கள் பிபியையும் ஏற்றலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள், ராத்திரியானாலும்.

அப்புறம், இந்தக் கோளாறு வராமல் தடுக்கச் சிலருக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின். அதை இப்போது ஆரம்பித்துப் பலனில்லை. அடுத்த முறை கருத்தரித்தால் முதல் செக்கப்பிலேயே இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். தேவை என்றால் 16 வாரத்துக்கு முன்பே குறைந்த டோஸில் தொடங்குவார்கள்.