இளங்கால்களும் பழகிய கால்களும்: கால்பந்து கேள்வி பதில்

பத்து வருடம் சென்னை லீக்கில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபெண்டராக, ஆடினேன். அதற்குப் பிறகு வடசென்னையில் பையன்களுக்குக் கோச்சிங். கிளப்புகள் இளம் பிளேயர்களை நம்பி இறங்குவதா, அனுபவம் உள்ளவர்களை வாங்குவதா என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்குப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவர், திருச்சி: அண்ணா, "பசங்களை வெச்சு எதுவும் ஜெயிக்க முடியாது"ன்னு ஆலன் ஹேன்சன் டிவியில சொன்னாரு. அந்த சீசன்லயே மேன் யுனைடெட் ரெண்டு கோப்பை ஜெயிச்சுது. அப்புறமும் ஏன் கிளப்புங்க 30 வயசுக்காரங்களுக்குக் காசு கொட்டுது?

தம்பி, பழைய லிவர்பூல் பிளேயரும் டிவி விமர்சகருமான ஹேன்சன் அப்படிச் சொன்னது 1995 ஆகஸ்ட் 19 அன்று. வில்லா பார்க்கில் ஆஸ்டன் வில்லாவிடம் யுனைடெட் 3-1 என்று தோற்ற நாள். இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரையும் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் அந்தக் கோடையில் அனுப்பிவிட்டிருந்தார். கான்டோனா தடையில் இருந்தார். கேப்டன் ஸ்டீவ் புரூஸ் அன்று ஆடவில்லை. பெரியவர்களில் பாதிப் பேர் இல்லாத டீமைத்தான் ஹேன்சன் பார்த்தார்.

லீக், எஃப்ஏ கோப்பை இரண்டையும் தூக்கிய டீமில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். கோலில் 32 வயது ஷ்மைக்கேல். பின்னால் 35 வயது புரூஸ், கூடவே பாலிஸ்டர், இர்வின். நடுவில் கீன். முன்னால், அக்டோபரில் தடை முடிந்து வந்த கான்டோனா. பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் எல்லாரும் இவர்களுக்கு இடையிடையேதான் ஆடினார்கள்.

1996 மார்ச் 4, நியூகாசில் மைதானம். சீசன் திரும்பியது அங்கேதான். முதல் பாதியில் நியூகாசில் அடித்ததையெல்லாம் ஷ்மைக்கேல் தடுத்துக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு இடது பக்கத்திலிருந்து 19 வயது ஃபில் நெவில் கோலுக்கு முன்னால் ஒரு கிராஸ் போட்டார். தூரக் கம்பத்தருகே தனியாக நின்ற கான்டோனா அதை வாலி அடித்தார். 1-0. அந்த ஒரு கோலில் பையனும் இருக்கிறார், பெரியவரும் இருக்கிறார். "பையன்கள் ஜெயித்தார்கள்" என்று மட்டும் சொன்னால் கதையில் பாதியை விழுங்கிவிடுகிறோம்.

ஆசிரியர், சேலம்: சார், எல்லாரும் "அனுபவம், அனுபவம்" என்கிறார்கள். மைதானத்தில் அது என்ன வேலை செய்கிறது? கண்ணில் படுகிற மாதிரி சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு 18 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் லீக் மேட்ச். பக்கத்தில் சென்டர் பேக் ஆடியவருக்கு 36 வயது. மேட்ச் முழுக்க அவர் முழு வேகத்தில் ஓடியது நாலு தடவை இருந்தால் அதிகம். ஆனால் வாய் ஓயவில்லை. "ஏறாத தம்பி." "பின்னாடி ஆள் இருக்கான், பாரு." "விடு, விடு, வெளிய போகட்டும்."

எதிர் டீம் ரைட் விங்கர் என்னை இரண்டு தடவை வெளிப்பக்கமாகத் தாண்டிப் போய் கிராஸ் போட்டுவிட்டான். எனக்குக் கை கால் ஆடிப்போயிற்று. அவர் திட்டவில்லை. என் பக்கமாக மூன்று அடி நகர்ந்து நின்றுகொண்டு, "வெளிய மட்டும் விடாத. உள்ள வந்தா வரட்டும், நான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து நான் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும் என்றாகிவிட்டது. என் வேலையில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை 18 வயதுக் கால்கள் செய்துவிட்டன.

இதையே உச்சத்தில் பார்க்க வேண்டுமானால் 1995ல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப். வான் கால் நடத்திய அந்த டீமில் பாதிப் பேர் பால் மணம் மாறாத பையன்கள். கேப்டன் டேனி பிளிண்டுக்கு 33 வயது. ரைக்கார்டுக்கு 32. ரைக்கார்டு அயாக்ஸில் வளர்ந்து, மிலானுக்குப் போய் இரண்டு ஐரோப்பியக் கோப்பை ஜெயித்துவிட்டு, 1993ல் வீடு திரும்பியவர். வியன்னா ஃபைனலில் எதிரே நின்றது அவருடைய அதே மிலான். 85ஆவது நிமிடம், பாக்ஸ் விளிம்பில் பந்து ரைக்கார்டு காலில். சுற்றி மிலான் டிஃபெண்டர்கள். அவர் தானே அடிக்கவில்லை. முன்னே நின்ற 18 வயது க்ளைவர்ட்டுக்குக் கொடுத்தார். பையன் தடுமாறிக்கொண்டே கால் நுனியால் தட்டிவிட்டான். 1-0, சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

அதனால் ஒரு கிளப் 32 வயது ஆளை வாங்கினால், இவர் எந்தப் பையனுக்குப் பக்கத்தில் ஆடப்போகிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன். எந்தப் பையனுடைய இடத்தில் ஆடப்போகிறார் என்று தெரியவந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வாசகர், யாழ்ப்பாணம்: அண்ணை, மோட்ரிச், குரூஸ், காசமிரோ மூண்டு பேரையும் ரியல் மட்ரிட் ஆறுதலா மாத்தினது. மற்ற கிளப்புகளாலை ஏன் அப்பிடி ஏலாமக் கிடக்கு?

பெரியவர்கள் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே மட்ரிட் பையன்களை வாங்கியது, அதுதான் காரணம். 2021ல் 18 வயது கமாவிங்கா, 2022ல் சுவமெனி, 2023ல் பெல்லிங்ஹாம். 2022 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான இரண்டாவது ஆட்டம் ஞாபகம் இருக்கும். குரூஸ், மோட்ரிச், காசமிரோ மூவரையும் அன்றைய கோச் அஞ்செலோட்டி வெளியே எடுத்துவிட்டார். உள்ளே வந்தவர்களில் ரோட்ரிகோவும் கமாவிங்காவும் உண்டு. 90ஆவது நிமிடத்தில் கமாவிங்கா தூக்கிப் போட்ட பந்தை பென்சிமா குறுக்கே கொடுக்க, ரோட்ரிகோ கோல். உடனே இன்னொன்று. அந்தப் பையன்கள் சீசன் முழுக்க மோட்ரிச்சோடு பயிற்சி செய்தவர்கள். அவர்களுக்கு அந்த இரவு புதிதாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2024ல் குரூஸ் ஓய்வு பெற்றார். அவர் போல் பின்னாலிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தின் வேகத்தை வைக்கிற ஆளை மட்ரிட் எடுக்கவில்லை. அடுத்த சீசனில் லா லிகா பார்சிலோனாவுக்குப் போனது, சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் ஆர்சனலிடம் முடிந்தது. காசமிரோவின் வேலைக்கு சுவமெனி வந்தார். குரூஸின் வேலைக்கு யாரும் வரவில்லை.

கணக்காளர், பெங்களூரு: அகாடமியில் வளர்த்த பையனைக் கிளப்பே விற்றுவிடுகிறதே. கணக்குப் புத்தகக் காரணம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை, உங்களுக்கு இது சட்டென்று விளங்கும். 6 கோடி பவுண்டுக்கு ஒரு பிளேயரை வாங்கி 5 வருடக் காண்ட்ராக்ட் போட்டால், செலவு வருடத்துக்கு 1.2 கோடி என்று பிரித்து எழுதப்படும். அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. அவனை விற்றால் வருகிற தொகை முழுக்க அந்த வருட லாபம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் மூன்று வருடத்துக்கு அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நஷ்டம் என்று வரம்பு வந்த பிறகு, சொந்தப் பையனை விற்பதுதான் கைக்கு எட்டிய வழியாகிவிட்டது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை எனக்கு இன்னும் வலிக்கும். பிரென்னன் ஜான்சன் எட்டு வயதிலிருந்து அங்கே வளர்ந்த பையன். 2023 ஜூன் 30க்குள் விற்றால் கணக்கு நேராகியிருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பர் 1 அன்று 4.75 கோடி பவுண்டுக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். கணக்கு வருடம் தாண்டிவிட்டது. லீக்கில் 4 புள்ளி வெட்டு. பையனும் போனான், புள்ளியும் போனது. 2025 யூரோப்பா லீக் ஃபைனலில் டாட்டன்ஹாமுக்கு ஒரே கோல் அடித்தது அந்தப் பையன்தான்.

பெரியவர்களை வாங்கிக் குவிக்கும் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், பல நேரம் கிளப்பின் சொந்தப் பிள்ளைகள்தான். விதி எழுதியவர்கள் இப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் விளைவு இதுதான், இது தப்பு.

வாசகர், மதுரை: பிஎஸ்ஜி மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூணு பேரும் போனதுக்கப்புறம்தானே கோப்பை ஜெயிச்சாங்க?

ஆமாம், சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2025 மே 31, மியூனிக்கில் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி இன்டர் மிலானை 5-0. டூவேக்கு 19 வயது, இரண்டு கோல். கடைசிக் கோல் அடித்த மயூலுவுக்கும் 19. ஆனால் பின்னால் 2013லிருந்து அந்த கிளப்பிலேயே இருக்கும் மார்க்கின்யோஸ் நின்றார். முன்னால் டெம்பேலேவுக்கு 28. எதிர்ப்பக்கம் அச்சேர்பிக்கு 37, சொம்மருக்கு 36. பெரியவர்கள் மட்டும் நிறைந்த டீமுக்குக் கால் ஓடாது, அன்று அதையும் பார்த்தோம்.

வாசகர், தூத்துக்குடி: வயதான ஸ்டாரை வாங்கி ஒரு கிளப் உருப்பட்ட கதை உண்டா?

ஏசி மிலான். 2019 டிசம்பர் 22 அன்று அட்டலாண்டாவிடம் 5-0 அடி. சில நாளில் 38 வயது இப்ராஹிமோவிச்சைத் திரும்ப அழைத்தார்கள். லியாவ் போன்ற பையன்கள் அவர் பக்கத்தில்தான் தேறினார்கள். பிறகு ஜிரூவும் வந்தார். 2022 பிப்ரவரியில் இன்டருக்கு எதிராக ஜிரூ மூன்றே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு லீக்கைத் திருப்பினார். மே மாதம் சாம்பியன். பின்னால் டொமோரி, கலுலு, நடுவில் டொனாலி எல்லாம் இளசுகள். அவர்களுடைய இடத்தில் யாரையும் கொண்டுவந்து நிறுத்தாததுதான் மிலான் செய்த புத்திசாலித்தனம்.

ரசிகர், சென்னை: அண்ணே, நம்ம ஐஎஸ்எல் பத்தி ஒரு வார்த்தை.

ஒரு வார்த்தையில் முடியாது. இந்தியன் சூப்பர் லீக் 2014ல் தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். டெல் பியரோ டெல்லிக்கு, பிரேஸ் கோவாவுக்கு, டிரெஸெகே புனேவுக்கு வந்தார்கள். கூட்டம் வந்தது, அதில் எனக்கும் சந்தோஷம்தான். 2017ல் அது ஐந்தானது, 2021ல் நான்கு.

எண்ணிக்கையைவிட எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டவர் என்றால் கிளப்புகள் எடுப்பது ஒரு சென்டர் பேக், ஒரு பிளேமேக்கர், ஒரு ஸ்ட்ரைக்கர். சென்டர் பேக் வந்தால் பக்கத்தில் ஆடும் இந்தியப் பையன் கற்றுக்கொள்கிறான். ஆனால் பெரும்பாலான டீம்கள் ஒரே ஸ்ட்ரைக்கரை வைத்து ஆடுகின்றன. அந்த இடத்துக்கு ஒரு பிரேசில்காரரோ ஸ்பானியரோ வந்துவிட்டால், நம் பையனுக்குப் பக்கம் என்று ஒன்றே இல்லை. விங்குக்குப் போகிறான், இல்லை பெஞ்சில் உட்காருகிறான். 2024 ஜூனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், இந்திய அணி திரும்ப அழைக்க வேண்டியிருந்தது இதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

நல்லபடியாக நடந்ததும் நம் ஊரிலேயே உண்டு. சென்னையின் எஃப்சி 2018ல் கோப்பை வென்ற சீசனைப் பாருங்கள். பின்னால் மெயில்சன் ஆல்வெஸ், முன்னால் ரஃபேல் அகஸ்டோ, நடுவில் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கணேஷ் கோல் அடித்த அன்று எங்கள் பையன்கள் மறுநாள் காலை ஐந்தரைக்கே மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு தாய், கோவை: என் மகனுக்கு 16 வயது. பெரிய கிளப்பின் ரிசர்வ் டீமும் கூப்பிடுகிறது, சின்ன கிளப்பின் சீனியர் டீமும் கூப்பிடுகிறது. எங்கே அனுப்பட்டும்?

அம்மா, படிப்பு கெடாது என்று உறுதி தருகிற இடம் முதலில். அது இரண்டிலும் சமம் என்றால் சின்ன கிளப். பெல்லிங்ஹாம் 16 வயதில் பர்மிங்ஹாமின் சீனியர் டீமில் ஒரு சீசன் முழுக்க ஆடினார். பிறகு 2020ல் மான்செஸ்டர் யுனைடெட் கூப்பிட்டும் டார்ட்மண்டுக்குப் போனார், அங்கே ஆட நேரம் கிடைக்கும் என்பதால்.

இன்னொன்றும் கோச்சிடம் கேளுங்கள்: "என் பையனுக்கு எப்போது ஓய்வு கொடுப்பீர்கள்?" பெட்ரி 18 வயதில் 2020-21 சீசனில் பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்குமாக 70க்கு மேல் ஆட்டம் ஆடினார். யூரோ முடிந்த கையோடு ஒலிம்பிக்குக்கும் கூட்டிப் போனார்கள். அடுத்த சீசனில் தொடை தசை மறுபடி மறுபடி பிடித்துக்கொண்டது. பதில் சொல்லத் தடுமாறுகிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

டீம் கேப்டன், எண்ணூர்: அண்ணே, ஞாயித்துக்கிழமை செவன்ஸ் டோர்னமென்ட். கீப்பருக்கு ரெண்டு பேர். 19 வயசுப் பையன் நல்லா பாயுறான், ஆனா கோலை விட்டு எப்ப வெளிய வரணும்னு தெரியல. இன்னொருத்தருக்கு 41, எல்லாம் தெரியும், முட்டி மடங்கல. யாரை இறக்கட்டும்?

பையனை இறக்குங்கள். பெரியவரைக் கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். நடுவர் ஒத்துக்கொள்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர் மூன்றே வார்த்தை சொன்னால் போதும்: "வா", "நில்லு", "தட்டு". அதற்கு மேல் பேசினால் பையன் குழம்புவான். கார்னர் வரும்போது மட்டும் யாரைப் பிடிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கத்தட்டும். சனிக்கிழமை சாயந்திரமே இருவரையும் அரை மணி நேரம் இப்படிப் பழக வையுங்கள். ஞாயிறு ராத்திரி ஸ்கோர் எழுதுங்கள், காத்திருப்பேன்.