புரோகிராம் ஓடும்போதுதான் டைப் தெரியும் என்றால்: சி ஷார்ப் ஜெனரிக் கேள்வி பதில்

கேள்வி: சேவ் என்று ஒரு ஜெனரிக் மெத்தட், அதாவது எந்த டைப்புக்கும் (தரவு வகைக்கும்) பொதுவாக எழுதியது; டைப்பின் இடத்தில் டி (T) என்று இருக்கும். எந்த டைப் என்பது புரோகிராம் ஓடும்போது ஒரு வேரியபிளில் வருகிறது. அந்த வேரியபிளை டி இருக்கும் இடத்தில் போட்டால் கம்பைலர் திட்டுகிறதே, அண்ணா?

பதில்: திட்டத்தான் செய்யும். அந்த இடத்தில் அது கேட்பது டைப்பின் பெயரை. உங்கள் கையில் இருப்பதோ டைப்பை விவரிக்கும் ஆப்ஜெக்ட். ரிஃப்ளெக்ஷன்தான் வழி, அதாவது புரோகிராம் ஓடும்போதே டைப்புகளையும் மெத்தடுகளையும் தேடி எடுத்துப் பயன்படுத்தும் வசதி. கெட்மெத்தட் மூலம் மெத்தடை எடுத்து, மேக்ஜெனரிக்மெத்தடுக்கு டைப்பைக் கொடுத்து, கிடைப்பதை இன்வோக் செய்யுங்கள், அதாவது கூப்பிடுங்கள். மெத்தட் ஸ்டாட்டிக் என்றால் இன்வோக்கின் முதல் ஆர்கியுமென்டாக நல் (null, வெறுமை) போதும்.

கேள்வி: பெயரைச் சரியாகக் கொடுத்தும் கெட்மெத்தட் நல் தருகிறது.

பதில்: மெத்தட் பிரைவேட்டாக இருக்கும். ஃபிளாக் (எதைத் தேடுவது என்று சொல்லும் குறி) எதுவும் சொல்லாவிட்டால் பப்ளிக் மெத்தடை மட்டுமே தேடும். நான்பப்ளிக்கோடு இன்ஸ்டன்ஸையும் (ஸ்டாட்டிக் மெத்தட் என்றால் ஸ்டாட்டிக்கையும்) சேர்த்துக் கொடுங்கள். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இத்தனை சுற்று எதற்கு? டைனமிக் போட்டால் முடிந்ததே?

பதில்: சில இடங்களில் முடிந்துவிடும். டைப்பை முடிவு செய்வதைப் புரோகிராம் ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கும் வசதி அது, 2010-இல் சி ஷார்ப் 4-உடன் வந்தது. மெத்தடுக்குள் போகும் ஆர்கியுமென்டே டி வகை என்றால், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டைப் பார்த்து டைப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் ஐடி எண்ணை வாங்கி டி-யைத் திருப்பித் தரும் லோட் மெத்தடில் அதற்குப் பிடிமானமே இல்லை. ஆர்கியுமென்ட் நல்லாக (null) வந்தாலும் பிழையில் விழும். பேஸ் கிளாஸை நினைத்து எழுதிய இடத்தில் அதிலிருந்து பிறந்த டிரைவ்டு கிளாஸ் டி ஆகிவிடுவதும் உண்டு. இதுதான் ஆபத்து, எந்த எச்சரிக்கையும் வராது.

கேள்வி: பெரிய லூப்பில் இன்வோக் மெதுவாக இருக்கிறது.

பதில்: ஒவ்வொரு சுற்றிலும் கெட்மெத்தடிலிருந்து ஆரம்பித்தால் அப்படித்தான். ஆப்ஜெக்டை வாங்கி, உள்ளே டி-யாக காஸ்ட் செய்து (டைப் மாற்றி), சேவ் மெத்தடைக் கூப்பிடும் ஒரு சிறிய ஜெனரிக் ஹெல்ப்பர் எழுதுங்கள். அதன் வெளிப்பக்கத்தில் டி தெரியாது, அதனால் எல்லா டைப்புக்கும் ஒரே வகை டெலிகேட் (மெத்தடைச் சுட்டும் ஆப்ஜெக்ட்) போதும். கிரியேட்டெலிகேட் மூலம் டைப்புக்கு ஒன்று செய்து கான்கரன்ட்டிக்ஷனரியில் (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய பட்டியல்) போட்டு வையுங்கள். ஆப்ஜெக்டுகள் எல்லாம் ஒரே டைப் என்றால் அதுவும் வேண்டாம்: லூப்பையே ஜெனரிக் மெத்தடுக்குள் தள்ளிவிடுங்கள், ரிஃப்ளெக்ஷன் ஒரே முறைதான் ஓடும். என் ஓட்டு இதற்கே.

கேள்வி: எந்தப் பிழை வந்தாலும் டார்கெட்இன்வொகேஷன்எக்செப்ஷன் என்றே காட்டுகிறது.

பதில்: இன்வோக் போர்த்திய போர்வை அது. இன்னர்எக்செப்ஷனைப் பாருங்கள், உண்மையான பிழை அங்கே இருக்கும்.