22 கேவி பேனலில் ஃபிளாஷ் ஓவர்: துடைத்துவிட்டு ஆன் செய்யலாமா?

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் 22 கேவி (22,000 வோல்ட்) சுவிட்ச்கியரில், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேனல் வரிசையில், ஒரு ஃபீடர் பேனல் விடியற்காலையில் எர்த் ஃபால்ட் (மின்சாரம் எர்த்துக்குப் பாய்வது) காட்டி டிரிப் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால் ஃபிளாஷ் ஓவர் (இன்சுலேஷனைத் தாண்டி மின்பொறி பாய்வது) ஆகி, கேபிள் பாக்ஸ் முழுக்கக் கரி. துடைத்து, காயவைத்து, 5 கேவி மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டோம். ரீடிங் நன்றாகத்தான் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் பக்கத்துப் பேனலிலும் இதே கதைதான். உற்பத்தி நிற்கிறது, சீக்கிரம் ஆன் செய்யுங்கள் என்று மேலே நெருக்குகிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த மெகர் ரீடிங்கை நம்பி ஆன் செய்யவே கூடாது. 22 கேவி சிஸ்டத்தில் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 12.7 கேவி இருக்கும். அதன் உச்சம் கிட்டத்தட்ட 18 கேவி. நீங்கள் கொடுத்துப் பார்த்தது 5 கேவி டிசி, அதுவும் ஈரத்தையும் அழுக்கையும் துடைத்தெடுத்த பிறகு. விடியற்காலையில் அந்த இன்சுலேஷன் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இதில் பதில் இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் படுவது பக்கத்துப் பேனல் விஷயம். ஒரு பேனல் மட்டும் என்றால் டெர்மினேஷன் (கேபிள் முனை இணைப்பு) போட்ட விதத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டு பேனல், அதிலும் விடியற்காலை என்றால் முதலில் அறையைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கிவிடும். சுவிட்ச் ரூமில் ஏர்கானை 20, 21 டிகிரியில் வைத்திருப்பார்கள். அறை நன்றாக மூடியிருந்தால் கெடுதல் இல்லை, ஏர்கானே ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆனால் கேபிள் டிரெஞ்ச் (கேபிள் ஓடும் பள்ளம்) வழியாக வெளிக்காற்று நேரே பேனலின் அடிப்பகுதிக்கு வந்தால் ஐஸ் கோப்பி கிளாஸ் வேர்ப்பதைப் போலக் கேபிள் பாக்ஸின் உட்புறம் வேர்க்கும். மழை பெய்து டிரெஞ்சில் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். கிளாண்ட் பிளேட்டில் (பேனலின் அடித்தகட்டில்) கேபிள் நுழையும் ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிள் மாற்றிய பிறகு சீல் செய்யாமல் விட்ட ஓட்டை ஒன்றாவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, பேனலுக்குள் ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர். பேனல் முகப்பில் ஹீட்டர் விளக்கு எரிகிறது என்பதால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று ஆகாது. பல பேனல்களில் அந்த விளக்கு சப்ளை இருப்பதை மட்டுமே காட்டும். கிளாம்ப் மீட்டர் போட்டுக் கரண்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டை எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஷட் டவுனில் பேனல் ஆஃப் ஆகியிருக்கும்போதும் ஹீட்டர் ஓட வேண்டும். சும்மா குளிர்ந்து கிடந்த பேனலை அப்படியே ஆன் செய்வது ஆபத்து.

ஈரம் மட்டும் ஒரே நாளில் இவ்வளவு செய்துவிடாது. அதற்கு முன்பே மேற்பரப்பில் சின்னச் சின்ன டிஸ்சார்ஜ் (மின்பொறி) பல மாதம் நடந்திருக்கும். ஈரக்காற்றில் டிஸ்சார்ஜ் நடந்தால் நைட்ரிக் அமிலம் உண்டாகும். அதனால்தான் செம்பில் பச்சை பூக்கிறது, இன்சுலேஷன் மேல் வெள்ளைப் பொடி படிகிறது. மரக்கிளை போல ஓடும் மெல்லிய கரிக்கோடுகளையும் தேடுங்கள். எரிந்த பேனலில் தடயம் அழிந்திருக்கும், அதனால் எரியாத மற்றப் பேனல்களையும் முறைப்படி ஆஃப் செய்து திறந்து பாருங்கள். கேபிளின் மூன்று கோர்களில் (உள்ளே தனித்தனியாக வரும் கம்பிகளில்) இரண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டோ, குறுக்கே போய்க்கொண்டோ இருந்தால் அந்த இடுக்கில்தான் வெள்ளைப் பொடி முதலில் தெரியும். கோர்களைப் பிரித்து இடைவெளி விடாமல் பாக்ஸுக்குள் திணிப்பது எனக்குத் தெரிந்து மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

எங்கே அதிகமாக எரிந்திருக்கிறதோ அங்கேதான் தொடங்கியது என்று முடிவு கட்டாதீர்கள். ஆர்க் (எரியும் மின்பொறி) பொதுவாகச் சப்ளை வரும் பக்கத்திலிருந்து விலகி ஓடும். ஓட வழியில்லாமல் நின்ற இடத்தில்தான் உலோகம் அதிகமாக உருகும். அங்கிருந்து சப்ளை பக்கமாகப் பின்னோக்கித் தேடுங்கள்.

ரிலேயில் (பழுதைக் கண்டு பிரேக்கரை டிரிப் செய்யும் கருவியில்) பதிவான அலைவடிவத்தை இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றே எடுத்துவிடுங்கள், புதிய பதிவுகள் வந்தால் பழையது போய்விடும். ஒரு ஃபேஸ் எர்த்துக்குப் போய், சில மில்லிசெகண்ட் கழித்து மற்ற ஃபேஸ்களும் சேர்ந்தனவா? அப்படியென்றால் மேற்பரப்பில் எர்த் வரை தடம் உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம். பிரேக்கர் இயங்கிய அதே கணத்தில் தொடங்கியிருந்தால் சுவிட்சிங் ஓவர்வோல்டேஜையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கரித்தடம் விழுந்த இன்சுலேட்டரையோ டெர்மினேஷனையோ துடைத்துத் திரும்பப் போடக் கூடாது. கரி உள்ளே இறங்கியிருக்கும். தேய்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் எளிதாக ஒட்டும். மாற்றிவிடுங்கள். வெறும் புகைக்கரி படிந்த பாகங்களை வேக்குவம் போட்டு எடுத்து, நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பேனலில் எஸ்.எஃப்.6 (இன்சுலேஷனுக்காக அடைத்த சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு) கேஸ் அறை ஏதாவது வெடித்திருந்தால் அங்கே கிடக்கும் வெள்ளைப் பொடி வேறு ரகம், நச்சு. கையால் தொடவோ குனிந்து முகரவோ வேண்டாம். அறையைக் காலி செய்து காற்றோட்டம் கொடுத்து, அதற்குரிய பாதுகாப்பு உடை உள்ளவர்களை அழையுங்கள். இன்னொன்றும் உண்டு: 1000 வோல்ட்டுக்கு மேல் உள்ள வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எலக்ட்ரிகல் எஞ்சினியர் லைசென்ஸ் பெற்றவர் பொறுப்பேற்க வேண்டும். டெக்னீஷியன் லைசென்ஸ் அந்த அளவோடு முடிந்துவிடுகிறது. மேலே இருப்பவர்கள் நெருக்கினால் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாமல் அவரைப் பேசச் சொல்லுங்கள். ஆஃப் செய்து, வோல்டேஜ் இல்லை என்று சோதித்து, எர்த் போட்டு, பெர்மிட் கையில் வந்த பிறகே யாரும் கையை உள்ளே விட வேண்டும்.

ஓட்டைகளை அடைத்து, ஹீட்டரைச் சரி செய்து, டெர்மினேஷனை மாற்றிய பிறகு கேபிளுக்கு 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) சோதனை செய்யச் சொல்லுங்கள். பாஸ் ஆனால் ஆன் செய்யலாம். ஆனால் அறைக்குள் ஒருவர்கூட நிற்க வேண்டாம், வெளியே கன்ட்ரோல் ரூமிலிருந்து பிரேக்கரைப் போடுங்கள். அப்புறம் எல்லாப் பேனல்களிலும் அல்ட்ராசோனிக் கருவியாலும் டிஇவி கருவியாலும் (பேனல் உலோகத்தில் எழும் சிறு மின்துடிப்பைப் பிடிப்பது) பார்ஷியல் டிஸ்சார்ஜ், அதாவது முன்பு சொன்ன சின்னச் சின்ன டிஸ்சார்ஜ், இருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வெயில் ஏறிய மதிய நேரத்தில் பார்த்தால் மேற்பரப்பு டிஸ்சார்ஜ் அடங்கிக் கிடக்கலாம். சோதனை செய்பவரை, மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் வரச் சொல்லுங்கள்.