மாடல் ரயில் அமைப்பின் சாலையில் வாகனங்களை நிஜம்போல ஓட வைப்பது எப்படி?

ரயில் ஓடுகிறது, பக்கத்துச் சாலையில் லாரியும் பஸ்ஸும் அசையாமல் நிற்கின்றன. இதை மாற்றத்தானே கேட்கிறீர்கள்? உங்களுடையது எச்ஓ அளவு, அதாவது 1:87 (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் தேர்வு கம்பியும் காந்தமும் சேர்ந்த முறைதான். ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனம் 'கார் சிஸ்டம்' என்ற பெயரில் பல ஆண்டுகளாக விற்பது இதைத்தான். சாலையில் மெல்லிய பள்ளம் கீறி, இரும்புக் கம்பியைப் பதித்து, பட்டி பூசித் தேய்த்து, மேலே தார் நிறம் அடித்துவிட வேண்டும். வண்டியின் முன் அச்சோடு ஒரு சின்னக் காந்தம் இணைந்திருக்கும். கம்பி வளைகிற பக்கம் காந்தம் போகும், கூடவே முன் சக்கரங்களும் திரும்பும். மோட்டார், சார்ஜ் செய்யும் பேட்டரி எல்லாம் வண்டிக்குள்ளேயே. சாலையில் பள்ளமோ தண்டவாளமோ கண்ணுக்குத் தெரியாது. பஸ் வளைவில் சக்கரத்தை ஒடித்துத் திரும்புவதைப் பார்த்தால் உள்ளே டிரைவர் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் நிஜத்தன்மை ஓட்டத்தைவிட நிற்பதில்தான் அதிகம் இருக்கிறது. நிற்காமல் வட்டமடிக்கும் லாரி கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். அதே லாரி சிக்னலில் காத்திருந்து கிளம்பினால் அது ஊர். வண்டிக்குள் ஒரு ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் சுவிட்ச், உண்டு. சாலைக்கு அடியில் வைத்த மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அந்த சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். பஸ் நிறுத்தம், சிக்னல், லெவல் கிராசிங் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். அதனால் இரண்டாவது வண்டி வாங்கும் முன் இரண்டு நிறுத்தங்கள் வையுங்கள்.

லெவல் கிராசிங்கில் வரிசை முக்கியம். முதலில் வண்டி நிற்க வேண்டும், பிறகு கேட் இறங்க வேண்டும், அப்புறம்தான் ரயில். ரயிலுக்கு மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது நம் அளவில் நொடிக்கு சுமார் 19 செ.மீ. ரயில் வருவதற்கு 8 நொடி முன்பே தெரிய வேண்டுமானால், அதை உணரும் சென்சார் கிராசிங்குக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இன்னொன்று, கம்பி தண்டவாளத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். அந்த இடத்தில் கம்பியைத் துண்டித்துவிடுங்கள். சாலை தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடந்தால் சின்ன இடைவெளியை வண்டி நேராகவே தாண்டிவிடும்.

வேகத்திலும் கவனம் வேண்டும். ஊருக்குள் 50 கி.மீ. என்றால் நொடிக்கு 16 செ.மீ.தான். ஒரு மீட்டர் கடக்க ஆறு நொடிக்கு மேல் ஆக வேண்டும். அதைவிட வேகமாக ஓடினால் எவ்வளவு அழகான பஸ்ஸும் பொம்மையாகிவிடும்.

தொடக்கத்துக்கு பஸ் அல்லது லாரிதான் நல்லது, பேட்டரிக்கு இடம் தாராளமாக இருக்கும். நீள வண்டி திரும்பும்போது பின்பக்கம் உள்ளே சரியும் என்பதால் வளைவில் கம்பியை நடைபாதையிலிருந்து விலக்கிப் பதியுங்கள்.

சாதாரண வண்டி வெட்டென்று நிற்கும். அது உறுத்தினால் டிஜிட்டல் வகை இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் வழியாக முன்னால் போகும் வண்டியை உணர்ந்து வேகம் குறைக்கும், பிரேக் விளக்கு எரியும். இதன் உச்சம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 முதல் இயங்கும் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் காட்சியகம். க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊரில் தீயணைப்பு வண்டிகள் நீல விளக்கோடு விரைவதைப் பார்க்கலாம். பேட்டரி குறைந்தால் வண்டிகள் தாமாகவே சார்ஜ் ஏற்றப் போகின்றன. வீட்டில் அந்த அளவுக்குத் தேவையில்லை, ஆனால் அவர்களின் வீடியோக்களில் வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பாருங்கள், நிறையப் பிடிபடும்.

மரம், வீடு எல்லாம் வைத்து முடித்துவிட்டீர்களா? பரவாயில்லை. மெல்லிய பலகையில் தனியாகச் சாலை செய்து, ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு பழைய சாலைமேல் பொருத்துங்கள். மின்காந்தங்கள் வரும் இடத்தில் மட்டும் கீழிருந்து கை எட்டும்படி வழி விட்டுவிடுங்கள்.